பழைய பைக்கின் ஆயிலில் உலோகத் துகள்: இன்ஜினைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டியவை

பழைய பைக் வாங்கி முதல் தடவை ஆயிலை இறக்கும்போது டிரேயில் ஏதாவது மினுங்கும். பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். புது ஆயிலை ஊற்றிவிட்டு மறந்துபோவார்கள், இல்லாவிட்டால் அன்று மாலையே இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். இரண்டுமே அவசரம்.

அது என்ன உலோகம் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். எப்போது விழுந்தது என்பதுதான் பழைய வண்டியில் முதல் கேள்வி. இன்றைக்கும் தேய்ந்துகொண்டிருக்கும் பாகத்திலிருந்து வந்ததா, முந்தைய ஓனர் காலத்தில் உடைந்து மாற்றப்பட்ட கியரின் மிச்சமா? ஒரே ஒரு தடவை ஆயிலை இறக்கிப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் கீழே உள்ள வேலை இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு நீள்கிறது. வரிசையை மாற்றாதீர்கள். தடயம் ஒரு முறை கழுவப்பட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

1. உங்கள் இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சர்வீஸ் மேனுவலை எடுத்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எந்த ஆயில் எங்கே ஓடுகிறது. பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. கியர் பல் தேய்ந்தாலும் பிஸ்டன் உரசினாலும் பொடி ஒரே இடத்துக்கு வந்து சேரும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் தனி. அதில் உலோகம் வந்தால் பிஸ்டனைச் சந்தேகிக்க வேண்டியதே இல்லை. ஹார்லி டேவிட்சனின் பெரிய ட்வின் வண்டிகளில் இன்ஜின், பிரைமரி (இன்ஜின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கடத்தும் பகுதி), கியர்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி ஆயில் என்பதால், ஆயில் இறக்கும் எந்தப் போல்ட்டிலிருந்து வந்தது என்பதே பாதிப் பதில்.

இரண்டாவது, கிராங்க் எந்த வகைப் பேரிங்கில் சுற்றுகிறது. சிறிய ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் பெரும்பாலும் பால் பேரிங்கும், பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் முனையில்) ரோலர் பேரிங்கும் இருக்கும். பல சிலிண்டர் இன்ஜின்களில் பொதுவாக ஷெல் பேரிங், அதாவது குண்டோ உருளையோ இல்லாமல் அரைவட்டத் தகடுகளாலான பேரிங். உங்கள் இன்ஜினில் ஷெல்லே இல்லையென்றால், செம்பு நிறத் துகளைப் பார்த்து "ஷெல் போச்சு" என்று பயப்பட ஒன்றுமில்லை. இந்தக் குழப்பத்தில் நிறைய பேர் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஃபில்டர் எப்படிப்பட்டது: பேப்பர் ஃபில்டரா, கம்பிவலை ஸ்ட்ரெய்னர் மட்டுமா, கிராங்க் முனையில் சுற்றும் சென்ட்ரிஃபியூகல் ஃபில்டரா. நான்காவது, கேம் ஷாஃப்ட் பேரிங்கில் சுற்றுகிறதா, அலுமினிய ஹெட்டிலேயே நேரடியாகச் சுற்றுகிறதா.

விற்றவரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. கடைசியாக ஆயில் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆகிறது? சமீபத்தில் போர் (சிலிண்டரின் உள்சுவர்), பிஸ்டன் ரிங் வேலை நடந்ததா? நடந்திருந்தால் அதற்கு அடுத்த முதல் ஆயிலில் உலோகம் இருப்பது இயல்பு. ஏதாவது ஆயில் அடிட்டிவ் ஊற்றினார்களா? சில அடிட்டிவ்களில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்திருக்கும். ஆயிலை அடர்சாம்பல் நிறமாக்கி ஆளை ஏமாற்றும்.

2. கையில் தயாராக இருக்க வேண்டியவை

சுத்தமான வெள்ளை அல்லது வெளிர்நிற டிரே. கறுப்பு டிரேயில் ஒன்றும் தெரியாது. நைட்ரைல் கையுறை, பெயிண்ட் வடிகட்டும் நுண்வலை அல்லது காபி ஃபில்டர் பேப்பர், கொஞ்சம் மண்ணெண்ணெய், மூடியுள்ள இரண்டு கண்ணாடி ஜாடி (ஒவ்வொரு ஆயில் மாற்றத்தில் கிடைக்கும் துகளையும் தனித்தனியே எடுத்துவைக்க), பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், டார்ச், சிறிய காந்தம், புது டிரெயின் வாஷர், புது ஃபில்டர், சரியான கிரேடு ஆயில்.

காந்தத்தை ஒரு பாலித்தீன் உறைக்குள் போட்டுப் பயன்படுத்துங்கள். உறையைக் கழற்றினால் பொடி முழுவதும் தாளில் கொட்டும். வெறும் காந்தத்தில் ஒட்டிய இரும்புப் பொடியை எடுக்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

3. சூடாக்கலாமா என்று முடிவெடுங்கள்

அடிப்பகுதியிலிருந்து கனமான தட்டல் சத்தம் கேட்டாலோ, ஆயில் விளக்கு அணையாவிட்டாலோ இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். குளிர்ந்த நிலையிலேயே இறக்கி, இரவு முழுக்கச் சொட்ட விடுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் ஐந்து, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு உடனே இறக்குங்கள். ஆயில் சூடாகிக் கலங்கினால்தான் அடியில் படிந்த துகள் ஆயிலோடு சேர்ந்து வெளியே வரும். குளிர்ந்த ஆயிலை இறக்கினால் கேஸின் அடியில் பாதி தங்கிவிடும்; "நம் வண்டியில் ஒன்றுமில்லை" என்ற பொய்த் தைரியம்தான் மிச்சம். சைலன்சரும் ஆயிலும் கையைச் சுடும், கவனம்.

4. டிரெயின் போல்ட்டைத் துடைக்காதீர்கள்

கழற்றும் முன் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடையுங்கள். டிரேயில் விழும் ஒவ்வொரு மணலும் பிறகு உங்களைக் குழப்பும். கழற்றிய பிறகு போல்ட்டைத் துடைக்கவே கூடாது. தெரிந்த பையன் ஒருவன் போல்ட்டைப் பளபளவென்று தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, "அதில் ஏதோ ஒட்டியிருந்தது, எடுத்துட்டேன்ணே" என்று சந்தோஷமாகச் சொன்னான். அந்த "ஏதோ"தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

காந்த முனை உள்ள போல்ட்டாக இருந்தால் அப்படியே ஒரு போட்டோ எடுங்கள். முனையில் சாம்பல் நிறக் களிம்பு மெல்லிய பூஞ்சை போலப் படிந்திருப்பது இயல்பு. கியரும் ரிங்கும் தேயத்தான் செய்யும். களிம்பைக் கையுறை விரலால் நசுக்குங்கள். வெண்ணெய் போல வழுக்கினால் கவலை வேண்டாம். நறநறவென்று உரசினாலோ, களிம்புக்கு நடுவே ஊசி, செதில் தெரிந்தாலோ அடுத்த படிக்குப் போக வேண்டும்.

போல்ட்டின் மரையையும் இப்போதே பாருங்கள். ஒரு முறை டிரேயில் சுருள் சுருளாக அலுமினியம் கிடந்ததைப் பார்த்து, கிளட்ச் கவரைக் கழற்றி, கிளட்ச் பிளேட்டுகளைத் தாங்கும் பாஸ்கெட்டை வெளியே எடுத்து, ஒரு குறையும் காணாமல் திரும்பப் பூட்டினேன். மூன்று மணி நேரம் போன பிறகுதான் டிரெயின் போல்ட்டை லென்ஸில் வைத்தேன். இரண்டு மரைக்கு நடுவே அதே சுருளின் வால் மாட்டிக்கொண்டிருந்தது. முன்பு யாரோ போல்ட்டைக் கோணலாக ஏற்றி, கேஸின் மரையைச் சீவியிருக்கிறார்கள். மரைச் சுருள் ஸ்பிரிங் போல ஒரே அகலத்தில், ஒரு பக்கம் கூர் விளிம்போடு இருக்கும். தேய்மானத்தில் விழுந்த அலுமினியம் அவ்வளவு ஒழுங்காக வராது.

5. வடிகட்டிக் கழுவுங்கள்

டிரேயில் உள்ள ஆயிலை வெயிலிலோ டார்ச் ஒளியிலோ மெல்லச் சுழற்றிப் பாருங்கள். மெட்டாலிக் பெயிண்ட் போல முழு ஆயிலும் மினுங்கினால் அது மிக நுண்ணிய அலுமினியம் அல்லது பேரிங் உலோகமாக இருக்கலாம். இது நல்ல அறிகுறி அல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுங்குவது வேறு கதை.

பிறகு ஆயிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து இளக்கி வலையில் வடிகட்டுங்கள். இளக்காமல் ஊற்றினால் காபி ஃபில்டரில் ஒரு லிட்டர் இறங்க அரை நாள் ஆகும். வலையில் நின்றதை இன்னும் இரண்டு முறை மண்ணெண்ணெயில் அலசி, வெள்ளைத் தாளில் உலர விடுங்கள். தீ, பொறி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

கழுவுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆயில் பசையோடு காந்தம் வைத்தால் இரும்புப் பொடியோடு அலுமினியமும் ஒட்டிக்கொண்டு வரும். எல்லாமே இரும்பு என்று தப்பாக எழுதிவைப்பீர்கள்.

6. காந்தம், நிறம், வடிவம் – இந்த வரிசையில்

உறை போட்ட காந்தத்தைத் தாளின் மேல் நகர்த்துங்கள். ஒட்டுவது இரும்பு, எஃகு. கியர், ரோலர் மற்றும் பால் பேரிங், கேம், ராக்கர், டைமிங் செயின், ரிங், இரும்பு லைனர், கிளட்ச் ஸ்டீல் பிளேட் எல்லாம் இதில் அடக்கம்.

ஒட்டாததை நிறத்தால் பிரியுங்கள். வெள்ளி நிறமாக, எடையே இல்லாதது போல இருந்தால் பெரும்பாலும் அலுமினியம். மஞ்சள், சிவப்பு என்றால் பித்தளை, வெண்கலம், செம்பு. மங்கிய சாம்பல் வெள்ளியாக, நகத்தால் அழுத்தினால் ஈயம் போல இழுபடுவது ஷெல் பேரிங்கின் மேல்பூச்சாக இருக்கலாம்.

வெள்ளித் துகளில் சந்தேகம் இருந்தால் இரண்டு சோதனைகள். நன்றாக உலர்ந்த ஒரு துகளைச் சூடான சால்டரிங் அயர்ன் முனையால் தொடுங்கள். ஈயம், வெள்ளீயம் என்றால் உருகி உருளும். அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும். சால்டரிங் அயர்னுக்கு அது மசியாது. மண்ணெண்ணெய் வாடை முழுவதும் போன பிறகு, வேறு இடத்தில் வைத்து இதைச் செய்யுங்கள். இரண்டாவது, காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு துகளைப் போடுவது. அலுமினியம் நுரைத்துக் கரையும். எஃகும் செம்பும் சும்மா கிடக்கும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அதில் வெளிவருவது ஹைட்ரஜன் என்பதால் மூடிய பாட்டிலில் செய்யவே வேண்டாம்.

கடைசியாக வடிவம். லென்ஸ் இதற்காகத்தான். நிறத்தைவிட வடிவம்தான் அதிகம் சொல்லும் என்பது என் அனுபவம். பேரிங் ஓடுதளத்திலிருந்தோ கியர் பல்லிலிருந்தோ பெயர்ந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் கண்ணாடி போல வழவழப்பு, மறுபக்கம் உடைத்த கல் போலச் சொரசொரப்பு. வழவழப்பான பக்கம் பல வருடம் உருண்ட மேற்பரப்பு. சொரசொரப்பான பக்கம் சோர்ந்து பெயர்ந்த அடிப்பகுதி. இப்படி ஒரே ஒரு செதில் கிடைத்தாலும் நான் குறித்துவைப்பேன். பெயரத் தொடங்கிய இடம் தானாக நிற்காது.

முனைகளோடு கூடிய கட்டித் துண்டு, உடைந்த முகம் மணல்மணலாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் கியரின் டாக் (பக்கத்துக் கியரோடு பூட்டிக்கொள்ளும் முட்டு) அல்லது பல் உடைந்தது. ஒரே அளவில் மெல்லிய உருளைக்கம்பி கிடைத்தால் நீடில் பேரிங் சிதறியிருக்கிறது. வளைந்த ஸ்பிரிங் கம்பித் துண்டு பிஸ்டன் பின்னை நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப்பாக இருக்கலாம். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

உலோகமே அல்லாதவற்றையும் ஒதுக்குங்கள். ரப்பர் போல இழுபடுவது யாரோ தாராளமாகப் பூசிய லிக்விட் கேஸ்கெட். பழுப்பாக, நார்நாராக உதிர்வது கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருள். கறுப்பு அல்லது பழுப்பு நிறக் கெட்டிப் பிளாஸ்டிக் துண்டு டைமிங் செயின் கைடு. உலோகம் இல்லையே என்று இதைத் தூக்கிப் போடாதீர்கள்: அது ஸ்ட்ரெய்னரை அடைத்து ஆயில் ஓட்டத்தையே நிறுத்தும்.

7. ஃபில்டரையும் ஸ்ட்ரெய்னரையும் படியுங்கள்

ஸ்ட்ரெய்னர் பம்ப்புக்கு முன்னால் இருக்கிறது. பெரிய துண்டுகள் அங்கேயே நின்றுவிடும். பேப்பர் ஃபில்டர் பம்ப்புக்குப் பின்னால். வலையைத் தாண்டிய சின்னத் துகள் எல்லாம் அதில் இருக்கும். டிரேயில் பார்த்தது அன்றைய நிலவரம். ஃபில்டரில் இருப்பது அதை மாட்டிய நாளிலிருந்து சேர்ந்த கணக்கு.

பேப்பர் எலிமெண்டை பிளேடால் இரு முனையிலும் வெட்டி, மடிப்புகளை விரித்து, துணிக்கு நடுவே வைத்து வைஸில் பிழிந்து பாருங்கள். தகர டப்பா ஃபில்டரை ஹாக்ஸாவால் அறுக்காதீர்கள். அறுக்கும்போது விழும் இரும்புத்தூள் உள்ளே போய், இன்ஜினுக்கு இல்லாத நோயை உண்டாக்கிக் காட்டும். அதற்கென்றே உள்ள ஃபில்டர் கட்டரைப் பயன்படுத்துங்கள்.

சென்ட்ரிஃபியூகல் ஃபில்டரில் சேறு விளிம்போடு இறுகிப் படிந்திருக்கும். சுரண்டும்போது வெளிப்புற அடுக்கு பழையது, உள்பக்கம் புதியது. உள் அடுக்கில் மினுக்கம் இல்லாமல் வெளி அடுக்கில் மட்டும் இருந்தால், சிக்கல் பழசாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

8. துகளைப் பாகத்தோடு பொருத்துங்கள்

*இரும்புச் செதில்.* கியர்பாக்ஸ், கிராங்க் பேரிங், கேம் மூன்றும் சந்தேகத்தில். நியூட்ரலில் ஓடும்போது உறுமல் கேட்டு, கிளட்சைப் பிடித்ததும் குறைந்தால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் அல்லது கிளட்ச் பாஸ்கெட் பக்கம் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த ஜோடிப் பற்கள். ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் கியர் வெளியே எகிறினால் டாக் மழுங்கியிருக்கிறது. ஹெட்டில் டிக் டிக் சத்தமும், அடிக்கடி விரியும் டேப்பெட் இடைவெளியும் இருந்தால் கேமும் ராக்கரும்.

*அலுமினியம்.* முதல் சந்தேகம் கிளட்ச் பாஸ்கெட் விரல்கள். பிளேட்டின் காதுகள் அடித்து அடித்துப் பள்ளம் விழும். கிளட்ச் இழுபடும், நியூட்ரல் கிடைக்காது. அடுத்தது பிஸ்டன் ஸ்கர்ட். இதோடு புகையும் குறைந்த கம்ப்ரஷனும் வரும். தொய்ந்த டைமிங் செயின் கேஸில் உரசினாலும் அலுமினியம் வரும். ஹெட்டிலேயே நேரடியாகச் சுற்றும் கேம் என்றால் ஆயில் போதாமல் அந்த இடம் பிடித்திருக்கலாம். சில ஷெல் பேரிங்குகளின் மேற்பரப்பு அலுமினியமும் வெள்ளீயமும் கலந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

*செம்பு, பித்தளை நிறம்.* ஷெல் உள்ள இன்ஜினில் இதுதான் மிக மோசமான செய்தி. மேல்பூச்சு தேய்ந்து கீழே உள்ள செம்புக் கலவை வெளியே வந்துவிட்டது என்று பொருள். ரோலர் பிக் எண்ட் இன்ஜினில் சின்ன எண்ட் (கனெக்டிங் ராடு பிஸ்டனோடு சேரும் முனை) புஷ், திரஸ்ட் வாஷர், சில வண்டிகளின் கியர் ஃபோர்க் இவற்றைப் பாருங்கள். பிக் எண்ட் கேஜில் செம்புப் பூச்சு இருப்பதும் உண்டு; அது உரிந்தாலும் மெல்லிய செம்பு ஏடாக வரும்.

*ஒரே மாதிரி நுண்ணிய சாம்பல் பொடி, அளவுக்கு மீறி.* ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். கிழிந்த ஃபில்டர் வழியாகத் தூசி உள்ளே போனால் ரிங்கும் போரும் அரம் போட்டது போலத் தேயும். இதைக் கவனிக்காமல் ரிங் மட்டும் மாற்றினால் புது ரிங்கும் அதே கதிதான்.

9. பிரிக்காமல் உறுதி செய்யக்கூடியவை

சுலபமானதிலிருந்து தொடங்குங்கள். டேப்பெட் கவரைக் கழற்றி கேம் முனைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். குழியோ கீறலோ இருந்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. கம்ப்ரஷன் அளந்து மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஆயில் பிரஷர் அளக்க வசதியுள்ள இன்ஜினில், சூடான ஐடிலில் அளக்க வேண்டும். குளிரில் எல்லா இன்ஜினும் நல்ல பிள்ளைதான். அதன் பிறகு கிளட்ச் கவர்.

பிக் எண்டுக்கு ஒரு தோராயச் சோதனை உண்டு. பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் பாதி வழியில் நிற்கும்போது பிளாஸ்டிக் குச்சியை அதன் மேல் வைத்துக்கொண்டு கிராங்க்கை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். பிஸ்டன் நகரும் முன் ஒரு வெற்று அசைவு, ஒரு சின்ன "டக்" தெரிந்தால் அங்கே ஆட்டம் இருக்கிறது. தெரியாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. ஆரம்பத் தேய்மானம் இதில் அகப்படாது.

10. இரண்டாவது ஆயில்தான் தீர்ப்பு

இதுவரை அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஸ்ட்ரெய்னரைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, சரியான கிரேடில் மலிவான ஆயிலை ஊற்றுங்கள். கிளட்ச் ஆயிலில் குளிக்கும் வண்டி என்றால் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 தரம் இருக்க வேண்டும். கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கினால், அந்தப் பொடியும் உங்கள் கணக்கில் சேரும்.

இன்ஜின் ஃபிளஷ் ஊற்றாதீர்கள். பல வருடச் சேற்றை இளக்கி, பழைய துகளையும் புதியதையும் கலந்துவிடும். சத்தத்தை அடக்க கெட்டி ஆயில் ஊற்றுவதும் வேண்டாம்.

200 முதல் 300 கிலோமீட்டர் அமைதியாக ஓட்டிவிட்டு, மீண்டும் சூடாக இறக்கி, அதே வலையில் வடிகட்டி, அதே அளவு வெள்ளைத் தாளில் பரப்பி, முதல் ஜாடிக்குப் பக்கத்தில் வையுங்கள். சில துகளே மிச்சம் என்றால் முன்பு பார்த்தது பழைய கதை. முதல் முறை ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் சேர்ந்தது இப்போது 300 கிலோமீட்டரிலேயே சேர்ந்திருந்தால், உள்ளே ஏதோ இன்றும் தேய்கிறது. பாதியாகக் குறைந்திருந்தால் மூன்றாவது முறையும் இதையே செய்வேன். கேஸின் மூலைகளில் ஒளிந்திருப்பது ஒரே தடவையில் வராது.

11. லேப் ரிப்போர்ட் வாங்கினால்

ஆயில் பாதி இறங்கும்போது, நடு ஓட்டத்தில், சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். முதலில் வருவதில் அடிப்படிவு அதிகம்.

வழக்கமான ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை ஏறக்குறைய 5 முதல் 8 மைக்ரான் வரையிலான துகளைத்தான் எண்ணும். மனிதக் கண் அதைவிடப் பல மடங்கு பெரியதைத்தான் பார்க்கும். அதனால் டிரேயில் செதில் கிடந்தும் ரிப்போர்ட் "நல்லது" என்று வரலாம். அப்போது செதிலை நம்புங்கள். சிலிக்கான் கூடுதலாக இருந்தால் தூசியாகவும் இருக்கலாம், லிக்விட் கேஸ்கெட்டாகவும் இருக்கலாம்; ஏர் ஃபில்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

12. எப்போது இனி ஓட்டக் கூடாது

ஷெல் உள்ள இன்ஜினில் செம்பு ஏடு, கையில் எடுக்கும் அளவுக்கு எஃகுத் துண்டு, நீடில் அல்லது சர்க்ளிப் மிச்சம், உலோகத்தோடு சேர்ந்த தட்டல் சத்தம், சூடானதும் மினுக்கும் ஆயில் விளக்கு: இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டாவது ஆயிலுக்குக் காத்திருக்காமல் பிரியுங்கள். ஃபில்டர் அடைத்தால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே பேரிங்குகளுக்குப் போகும். ஒரு பாகத்தின் செலவு நான்கு பாகத்தின் செலவாவது இப்படித்தான்.

பிரித்துக் கெட்ட பாகத்தை மாற்றும்போது, ஆயில் பம்ப்பைத் திறந்து ரோட்டரில் கீறல் பாருங்கள். கிராங்க்கின் ஆயில் துளைகளையும் கேஸின் ஆயில் வழிகளையும் கழுவிக் காற்றடியுங்கள். ஆயில் கூலர் இருந்தால் அதையும் மாற்றுவதுதான் நல்லது. அதன் நுண்குழாய்களில் சிக்கிய துகள் எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. புது பேரிங் ஓடத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக இறங்கி வரும்.

இரண்டு ஜாடிகளிலும் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டி, அடுத்த ஆயில் மாற்றம் வரை பத்திரமாக வைத்திருங்கள். வடித்த ஆயிலையும் மண்ணெண்ணெயையும் மூடிய கேனில் சேர்த்து, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.